கை என்னுடையது

பழங்கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகம் தொடங்கும்போது விதிக்கு அங்கே வேலை எதுவும் மிச்சமில்லை. கொலை நடந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. கல்யாணம் ஆகி நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பனைக் கொல்வான், அம்மாவை மணப்பான் என்று டெல்ஃபி கோயிலில் அப்போலோ தெய்வத்தின் குறி சொன்ன இரண்டும் திரை விலகுவதற்கு முன்பே பலித்துப் பழசாகிவிட்டன. (கிரேக்க அரங்கில் திரை கிடையாது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.) தீப்ஸ் நகர அரண்மனை வாசலில், கம்பளி நூல் சுற்றிய கிளைகளை வைத்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் கொள்ளைநோய். பயிர் கருகுகிறது, மாடுகள் விழுந்து சாகின்றன, பெண்களுக்குப் பிள்ளை உயிரோடு பிறப்பதில்லை. முன்பு ஸ்ஃபிங்ஸ் என்ற அரக்கியிடமிருந்து ஊரைக் காப்பாற்றிய ராஜா ஈடிபஸிடம், இப்போதும் காப்பாற்று என்று கேட்க வந்திருக்கிறார்கள்.

அங்கிருந்து முடிவு வரை ஈடிபஸ் செய்வது விசாரணை மட்டும்தான். தனக்கு முன் தீப்ஸை ஆண்ட லாயஸ் மன்னனைக் கொன்றது யார் என்று தேடப் போய், தான் யார் என்று தெரிந்துகொள்கிறான். இந்த விசாரணையை எந்தக் குறியும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இவன் ஒருநாள் உண்மையைத் தோண்டி எடுப்பான், எடுத்ததும் தன் கண்களைக் குத்திக்கொள்வான் என்று டெல்ஃபி லாயஸிடமும் சொல்லவில்லை, ஈடிபஸிடமும் சொல்லவில்லை. நாடகத்தின் நடுவில் பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் அப்படி ஒன்றைச் சொல்கிறார்தான். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்று நின்ற அவரைக் கட்டாயப்படுத்திப் பேச வைத்ததே ஈடிபஸ்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குப் பரீட்சைக் கைடுகள் நினைவிருக்கும். இந்த நாடகத்துக்கு அவற்றில் இரண்டே விடைகள். ஒன்று, மனிதன் விதியின் கைப்பொம்மை. இரண்டு, ஈடிபஸ் முன்கோபி, ஆணவக்காரன், அந்தக் குணக்கேட்டால் அழிந்தான். பெரிய கேள்வியென்றால் முதல் பாதியில் இதையும் பின்பாதியில் அதையும் எழுதி, 'எனவே' போட்டு முடித்துவிடலாம். எங்கள் வாசகர் வட்டத்தில் நாடகத்தை எடுத்தபோதும் பேச்சு இந்த இரண்டு கட்சிகளாகத்தான் பிரிந்தது. எனக்கு எந்தக் கட்சியிலும் சேர மனம் வரவில்லை.

முன்கோபக் கட்சியை முதலில் முடித்துவிடலாம், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈடிபஸ் வளர்ந்த கொரிந்து நகரில் ஒரு விருந்தில், குடித்திருந்த ஒருவன் "நீ உன் அப்பனுக்குப் பிறந்தவனில்லை" என்று சொல்லிவிடுகிறான். வளர்த்த தாய் தகப்பன் மறுக்கிறார்கள். மனசு ஆறாமல் ஈடிபஸ் டெல்ஃபிக்குப் போகிறான். கேட்ட கேள்விக்கு அப்போலோ விடை சொல்லவில்லை. கேட்காத அந்தப் பயங்கரத்தைச் சொல்லி அனுப்புகிறார். கொரிந்துப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று வேறு திசையில் நடக்கிறான். மூன்று பாதைகள் கூடும் இடத்தில் வண்டியில் ஒரு கிழவர் வருகிறார். வழிவிடச் சொல்லி அவருடைய ஆட்கள் நெட்டித் தள்ளுகிறார்கள். இவன் வண்டிக்காரனை அடிக்கிறான். கிழவர் இரட்டை முனைத் தார்க்கோலால் இவன் நடுமண்டையில் போடுகிறார். இவன் கைத்தடியால் திருப்பி அடிக்கிறான். கிழவர் மல்லாந்து விழுகிறார். மற்றவர்களையும் கொன்றுவிட்டதாகத்தான் இவன் நினைப்பு, ஒருவன் தப்பிவிட்டான்.

கோபம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோபத்தால் ஒரு கிழவரைக் கொல்ல முடியும். அந்தக் கிழவர், அதாவது லாயஸ், சொந்தத் தகப்பனாக இருப்பதற்குக் கோபம் எப்படிக் காரணமாகும்? சாலையில் கைகலப்பில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் யாரும் இதற்காக ஈடிபஸ் ஆகிவிடுவதில்லை. அரிஸ்டாட்டில் தன் 'கவிதையியல்' நூலில் ஈடிபஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும்போது, இவன் கெட்ட குணத்தால் வீழ்ந்தவனல்ல, தவறு ஒன்றால் வீழ்ந்தவன் என்றுதான் சொல்கிறார். தவறு என்பது இங்கே ஆள் தெரியாமல் போனது. கைடுகள் அதைக் குணத்தில் கொண்டுபோய் ஒட்டிவிட்டன.

விதிக் கட்சி இவ்வளவு எளிதில் முடியாது. அந்தக் கட்சியினர் மனதில் வைத்திருக்கும் விதி, பொறி போன்றது: எப்படி ஓடினாலும் வந்து விழ வேண்டும், விழுந்தவனுக்கு அதில் பங்கில்லை. இப்படியான நாடகங்கள் உண்மையிலேயே உண்டு, ஆனால் அவை ஏதென்ஸில் பிறக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் 'விதி நாடகம்' என்றே ஒரு மோஸ்தர் ஓடியது. சகரியாஸ் வெர்னர் எழுதிய 'பிப்ரவரி இருபத்து நான்கு' 1810இல் வைமாரில் மேடையேறியது. ஒரே குடும்பத்தில், அதே தேதியில், அதே கத்தியால் சாவுகள் நடக்கும். நாள்காட்டியும் சமையலறைக் கத்தியும் சேர்ந்து ஆட்களைக் கொல்லும் கதை. பிறகு உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட் கனவுகளைப் பற்றிய தன் புத்தகத்தில், பிற்கால விதி நாடகங்கள் யாரையும் அசைப்பதில்லை, ஈடிபஸ் மட்டும் இன்னும் அசைக்கிறது, அப்படியென்றால் அதன் பலம் விதியில் இல்லை என்று வாதாடினார். அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி. அதன்பின் பலம் எங்கே இருக்கிறது என்று அவர் காட்டிய இடம் எனக்கு ஒத்துவரவில்லை. தாயை மணக்கும் ரகசிய ஆசை இந்த நாடகத்தின் ஈடிபஸிடம் ஒரு வரியிலும் இல்லை. அவனிடம் இருப்பது அந்த நினைப்பைக் கண்டாலே நடுக்கம்.

சோஃபக்ளீஸ் விதியை எப்படிக் கையாண்டார் என்று பார்க்க, மற்ற இரண்டு ஏதென்ஸ் நாடகாசிரியர்கள் அதே கதையை எப்படிச் சொன்னார்கள் என்று பார்த்தால் போதும். எஸ்கிலஸின் 'தீப்ஸுக்கு எதிராக எழுவர்' கி.மு. 467இல் நடிக்கப்பட்டது. அதில் அப்போலோ லாயஸிடம் மூன்று முறை சொல்கிறார்: பிள்ளை இல்லாமல் செத்துப்போ, ஊர் பிழைக்கும். லாயஸ் கேட்கவில்லை. யூரிப்பிடீஸின் 'ஃபினீசியப் பெண்கள்' நாடகத்திலும் அப்படித்தான்: பிள்ளை பெற்றால் அவன் உன்னைக் கொல்வான். லாயஸ் குடிபோதையில் மனைவியிடம் போகிறான். இரண்டிலும் ஒரு 'ஆனால்' இருக்கிறது. லாயஸ் சும்மா இருந்திருந்தால் கதையே இல்லை. குற்றம் இன்னாருடையது என்று கை காட்டலாம்.

சோஃபக்ளீஸ் அந்த 'ஆனால்' மீது கை வைத்தார். அவருடைய நாடகத்தில், முன்பு லாயஸின் மனைவியாக இருந்து இப்போது ஈடிபஸின் மனைவியாக இருக்கும் யொகாஸ்டா சொல்லும் குறியில் நிபந்தனை எதுவும் இல்லை: எனக்கும் அவருக்கும் பிறக்கும் பிள்ளையால் அவர் சாவார், அவ்வளவுதான். ஏன் என்ற விளக்கமும் இல்லை. நம் ஊர்க் கதைகளில் இந்த இடத்தில் முற்பிறவி வினை ஒன்று வந்து கணக்கைச் சரிசெய்யும். கோவலன் வெட்டுப்பட்டதற்குக் கூட சிலப்பதிகாரத்தில் பழைய பிறவியில் அவனால் கொலையுண்ட ஒரு சங்கமன் இருக்கிறான். ஈடிபஸுக்கு அப்படி ஒருவனும் இல்லை. நடந்தது நடந்தது. கடந்த காலத்தின் கதவுகளை இப்படி ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, நாடகம் நடக்கும் அந்த ஒரே நாளில் கதவுகள் அத்தனையையும் சோஃபக்ளீஸ் திறந்து வைக்கிறார். அவருடைய கெட்டிக்காரத்தனம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதல் கதவு யொகாஸ்டாவின் சகோதரன் கிரியோன் டெல்ஃபியிலிருந்து திரும்பும்போது. "இத்தனை பேர் முன்னால் சொல்லவா, உள்ளே போய்ப் பேசலாமா?" என்கிறான். எல்லோர் முன்னாலும் சொல் என்கிறான் ஈடிபஸ். அடுத்து அந்தச் சாபம்: கொலைகாரனுக்கு யாரும் இடம் தரக்கூடாது, நானே தெரிந்து என் வீட்டில் வைத்திருந்தாலும் சாபம் என்மேல் விழட்டும். யாரும் அவனை இவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. பிறகு டைரீசியஸ் வருகிறார். வந்ததும் கெஞ்சுகிறார்: "என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு. உன் பாரத்தை நீ சுமந்துகொள், என் பாரத்தை நான் சுமக்கிறேன். அதுதான் இருவருக்கும் சுலபம்." ஈடிபஸ் விடவில்லை. திட்டுகிறான், சதிகாரன் என்கிறான், கடைசியில் கிழவர் வெடித்துச் சொல்லிவிடுகிறார்.

யொகாஸ்டா அவனுக்கு முன்பே புரிந்துகொண்டுவிடுகிறாள். அவள் நடக்கும் பாதை வேறு. விதியும் இல்லை, விருப்பமும் இல்லை, எல்லாம் தற்செயல் என்பது அவளுடைய கட்சி. "மனுஷனை ஆளுவது தற்செயல்தான், எதையும் முன்கூட்டி அறிய முடியாது. அன்றன்றைக்கு முடிந்தபடி வாழ்வதே நல்லது." விதியா சுதந்திரமா என்று இரண்டே கட்சியாகப் பேசுகிறவர்கள் இவளை மறந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும், சற்று முன்புதான் அப்போலோவுக்குத் தூபம் காட்டிக் கும்பிட்டிருந்தாள். கும்பிட்டு முடித்ததும் கொரிந்திலிருந்து ஒரு ஆள், ஈடிபஸை வளர்த்த அரசன் போலிபஸ் இறந்துவிட்டார் என்ற செய்தியோடு வந்து நிற்கிறான். தற்செயலா, அப்போலோவின் பதிலா? நாடகம் சொல்வதில்லை. அந்த ஆளின் பேச்சிலிருந்தே உண்மை அவிழத் தொடங்க, அவள் முகம் மாறுகிறது. "உங்கள் உயிர்மேல் உங்களுக்குக் கொஞ்சமாவது அக்கறை இருந்தால் இதைத் தேடாதீர்கள். நான் படுகிற பாடு போதும்." அவன் கேட்கவில்லை. "நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாமலே போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுகிறாள். அவளைப் பிறகு நாம் பார்ப்பதில்லை.

கடைசிக் கதவு கிழட்டு இடையன். நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். இந்த இடையன்தான் முச்சந்தியில் தப்பிப் பிழைத்தவன். மலையில் எறியச் சொல்லிப் பெற்றோர் கொடுத்த குழந்தையை, இப்போது செய்தி கொண்டுவந்திருக்கும் கொரிந்துக்காரனிடம் அன்று கொடுத்துவிட்டவனும் இவன்தான். அவனை வரச் சொன்னதே கொலைக்குச் சாட்சியாக: அன்றைக்குத் தாக்கியது ஒரு ஆளா, பல பேரா? பல பேர் என்றால் ஈடிபஸ் தப்பித்தான். அந்த ஒரு விவரத்தில்தான் எல்லாம் தொங்குகிறது என்று அவனே யொகாஸ்டாவிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் இடையன் வந்து நிற்கும்போது அந்தக் கேள்வியை ஈடிபஸ் கேட்கவே இல்லை. கொலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்பதெல்லாம், மலையில் நீ எடுத்துக் கொடுத்த குழந்தை யாருடையது?

விதிக் கட்சிக்காரர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்லலாம். கொள்ளைநோயை வைத்து நெருக்கியதே தெய்வம்தானே? கொலைகாரனைக் கண்டுபிடி என்று சொன்னது டெல்ஃபிதானே? டைரீசியஸ்கூட, நான் மூடி மறைத்தாலும் வருவது தானாக வரும் என்கிறாரே? சரிதான். தெய்வம் நெருக்குகிறது. ஆனால் தெய்வம் கேட்டது லாயஸைக் கொன்றவனைத்தான். 'நான் யார் பிள்ளை' என்ற விசாரணையை எந்த தெய்வமும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. அது முழுக்க ஈடிபஸின் சொந்த விசாரணை. இடையன் நடுங்குகிறான்: "ஐயோ எசமானே, சொல்லவே கூடாத இடத்துக்கு வந்துவிட்டேன்." ஈடிபஸ் சொல்கிறான்: "நான் கேட்கவே கூடாத இடத்துக்கு. ஆனாலும் கேட்டாக வேண்டும்." என்ன வரப்போகிறது என்று அப்போது அவனுக்குத் தெரியும். அரை வரி மௌனம் போதும், தப்பிவிடலாம். கேட்கிறான்.

ஏன் குழந்தையைக் கொல்லாமல் கொரிந்துக்காரனிடம் கொடுத்தாய் என்ற கேள்விக்கு இடையனின் பதில்: "பாவமாக இருந்தது எசமானே." இந்தப் பதில் என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறது. குறி பலித்த பாதையைப் பின்னோக்கிப் பார்த்தால் அதில் கெட்ட எண்ணங்கள் குறைவு. இடையனுக்கு இரக்கம். கொரிந்துக்காரன் கணுக்காலில் குத்தியிருந்த ஆணியை எடுத்துவிட்டுப் பிள்ளையில்லாத அரசனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த அரசன் போலிபஸும் அரசி மெரோப்பியும் சொந்தப் பிள்ளையாக வளர்த்தார்கள், அவன் மனம் நோகக்கூடாது என்று உண்மையை மறைத்தார்கள். ஈடிபஸ் பெற்றோருக்குத் தன்னால் தீங்கு வரக்கூடாது என்று வீட்டைத் துறந்தான். தீப்ஸ் மக்கள் தங்களைக் காப்பாற்றியவனுக்கு நன்றியாக அரசையும் அரசியையும் கொடுத்தார்கள். குழந்தையை மலையில் எறியச் சொன்ன பெற்றோரையும் முச்சந்திக் கோபத்தையும் கழித்துவிட்டால், மிச்சமெல்லாம் நல்ல மனிதர்கள் தாமாக முடிவெடுத்துச் செய்த நல்ல காரியங்கள். அப்போலோ யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. நல்லவர்கள் நல்லவர்களாக நடந்துகொண்டால் போதும், குறி பலித்துவிடும். வெர்னரின் கத்தியைவிட இது பல மடங்கு பயங்கரம்.

இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஏதென்ஸ்காரர்களுக்கு 'யார் பொறுப்பு' என்பது அன்றாடச் சண்டையாக இருந்தது. பழங்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் ஒரு சம்பவம் சொல்கிறார். விளையாட்டுப் போட்டியில் ஒருவன் எறிந்த ஈட்டி தவறிப்போய் எபிட்டிமஸ் என்பவரைக் கொன்றுவிட்டது. தலைவர் பெரிக்ளீஸும் தத்துவவாதி ப்ரொட்டாகரஸும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விவாதித்தார்களாம்: சாவுக்குக் காரணம் ஈட்டியா, எறிந்தவனா, போட்டியை நடத்தியவர்களா? பெரிக்ளீஸின் மகனே இதை ஊரெல்லாம் சொல்லி அப்பாவைக் கேலி செய்தான் என்று குறிப்பு. கேலிக்கு உரியது என்று எனக்குத் தோன்றவில்லை. ஏதென்ஸில் ப்ரிட்டனேயோன் என்ற இடத்தில், மேலே விழுந்து ஆளைக் கொன்ற கல்லையும் மரத்தையும் இரும்பையும் விசாரிக்க ஒரு தனி நீதிமன்றமே இருந்தது. தீர்ப்பானதும் அந்தக் கல்லை எடுத்து நாட்டு எல்லைக்கு வெளியே போட்டுவிடுவார்கள். கல்லுக்கு ஏது எண்ணம்? எண்ணத்தைப் பற்றிய விசாரணையே அல்ல அது. சாவு நடந்துவிட்டது, ரத்தத்தின் தீட்டு எங்கேயோ ஒட்டியிருக்கிறது, ஊரைவிட்டு அதை வெளியேற்ற வேண்டும். ஈடிபஸ் தன்னைத் துரத்தச் சொல்லிக் கதறுவதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். அவன் மனதறிந்து செய்யவில்லை என்று தீப்ஸில் எல்லோருக்கும் தெரியும். அது அவன் குற்றத்தைக் குறைக்கலாம். தீட்டைக் குறைக்காது.

தெய்வமும் மனிதனும் ஒரே காரியத்தை முழுமையாகச் செய்ய முடியும் என்பது கிரேக்கர்களுக்குப் பழைய எண்ணம். ட்ராய் போரைப் பாடும் இலியட்டில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன், தான் அவமதித்த வீரன் அக்கிலீஸிடம் சமாதானத்துக்கு வரும்போது, நான் காரணமல்ல, ஸீயஸும் விதியும் என் புத்தியை மறைத்துவிட்டார்கள் என்கிறான். உடனே, அதனால் நஷ்ட ஈடு தருகிறேன் என்றும் சொல்கிறான். நம் காதுக்கு முதல் வாக்கியமும் இரண்டாவதும் ஒட்டாது. காரணமல்ல என்றால் ஏன் கொடுக்கிறாய்? அவனுக்கோ கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கோ அந்த உறுத்தல் இல்லை.

எஸ்கிலஸ் கி.மு. 458இல் 'ஒரெஸ்டியா' முந்நாடகத்தைப் போட்டபோது அந்த உறுத்தலை உண்டாக்கினார். ட்ராய் நோக்கிப் புறப்பட வேண்டிய கப்பல்கள் ஆலிஸ் துறையில் எதிர்க்காற்றில் முடங்கிக் கிடக்கின்றன. படைக்கு உணவில்லை. மகள் இஃபிஜீனியாவைப் பலிகொடுத்தால் காற்று மாறும் என்கிறான் குறிகாரன். அகமெம்னன் கோலால் தரையைத் தட்டி அழுகிறான். கட்டளையை மீறினாலும் கேடு, வீட்டின் செல்வமான மகளைக் கொன்றாலும் கேடு. இரண்டில் கேடில்லாதது எது? அதன்பின் எஸ்கிலஸ் போடும் வரி: அவன் நிர்ப்பந்தத்தின் நுகத்தைப் பூட்டிக்கொண்டான். நிர்ப்பந்தம்தான். ஆனால் பூட்டிக்கொண்டது அவன் கை. ஒருமுறை பூட்டிக்கொண்டதும் மனது வேறாகிவிடுகிறது. சற்று முன் அழுதவன், எதற்கும் துணிந்தவனாகிறான். மகளை ஆட்டுக்குட்டியைப் போலப் பலிபீடத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்கிறான். சாபம் கொடுத்துவிடாதபடி வாயைக் கட்டச் சொல்கிறான். எந்தக் குறியும் வாயைக் கட்டச் சொல்லவில்லை.

பத்து வருடம் கழித்து வீடு திரும்பும் அவனை மனைவி கிளைட்டம்நெஸ்ட்ரா கொல்கிறாள். கொன்றுவிட்டுச் சொல்கிறாள்: இதைச் செய்தது நானல்ல, இந்த வீட்டைப் பிடித்திருக்கும் பழைய பழிவாங்கும் ஆவி என் உருவில் வந்து செய்தது. ஊர்ப் பெரியவர்களின் பதில் எவ்வளவு தெளிவு என்று பாருங்கள். நீ குற்றமற்றவள் என்று யார் சாட்சி சொல்வார்கள்? அந்த ஆவி உனக்குத் துணை நின்றிருக்கலாம். ஆவி இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. ஆவி இருந்தாலும் உன் பங்கு குறையாது என்கிறார்கள். அடுத்த நாடகத்தில் மகன் ஒரெஸ்டிஸ் கத்தியோடு நிற்கும்போது அவள் மறுபடி அதே வாதத்தை எடுக்கிறாள். "நடந்ததில் விதிக்கும் பங்குண்டு மகனே." அவன் சொல்கிறான்: "அப்படியானால் உன் சாவையும் அந்த விதிதான் ஏற்பாடு செய்திருக்கிறது." விதியைச் சாக்காகக் காட்டுகிறவர்களுக்கு இவ்வளவு சுருக்கமான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

யூரிப்பிடீஸ் இதையே கிட்டத்தட்ட வழக்காடலாக்கிவிட்டார். 'ட்ரோஜன் பெண்கள்' (கி.மு. 415) நாடகத்தில், எரிந்த ட்ராய் நகரத்துக்கு முன்னால் ட்ராய் இளவரசன் பாரிஸோடு போய்ப் போருக்குக் காரணமான ஹெலன் தன் கணவன் மெனலேயஸிடம் வாதாடுகிறாள். பாரிஸைப் பெற்ற ட்ராய் அரசி ஹெக்குபாமேல் குற்றம், குழந்தையிலேயே அவனைக் கொல்லாத கிழவன்மேல் குற்றம், என்னை அவனுக்குப் பரிசாகக் கொடுத்த காதல் தெய்வம் அஃப்ரொடைட்டிமேல் குற்றம். தெய்வத்தை நான் எப்படி எதிர்ப்பேன்? ஹெக்குபா விடுவாளா? "என் மகன் அழகன். அவனைப் பார்த்ததும் உன் மனசே அஃப்ரொடைட்டியாகிவிட்டது." ஜெயித்தது ஹெக்குபாதான். ஊருக்குப் போனதும் ஹெலனைக் கொல்வதாக மெனலேயஸ் வாக்களிக்கிறான். அவன் கொல்லமாட்டான், அவள் ஸ்பார்ட்டாவில் மெனலேயஸோடு சௌகரியமாக வாழ்வாள் என்பது ஒடிஸி கேட்டு வளர்ந்த ஒவ்வொரு பார்வையாளனுக்கும் தெரியும். யூரிப்பிடீஸுக்கு இந்த மாதிரிக் குரூரமான சிரிப்பு கைவந்த கலை.

இவற்றையெல்லாம் தாண்டி நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது, ஈடிபஸ் ரத்தம் வழியும் முகத்தோடு வெளியே வரும் இடத்தில். தூக்கில் தொங்கிய யொகாஸ்டாவின் ஆடையிலிருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கிக் கண்களில் குத்திக்கொண்டிருக்கிறான். எப்படி உனக்கு மனம் வந்தது, எந்த தெய்வம் உன்னைத் தூண்டியது என்று கேட்கிறார்கள் முதியவர்கள். "அப்போலோ, நண்பர்களே, அப்போலோ. என் துன்பங்களை நிறைவேற்றியவர் அவர். ஆனால் குத்திய கை வேறு யாருடையதும் அல்ல, என்னுடையது." முழு நாடகத்திலும் அவன் அறிந்தே செய்த செயல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கொன்றதும் மணந்ததும் தெரியாமல். குத்திக்கொண்டது தெரிந்து. அப்போலோவின் பெயரையும் தன் கையையும் அவன் ஒரே மூச்சில் சொல்வதைக் கவனியுங்கள். இதற்குள் அது அடங்கிவிடும் என்று இரண்டில் எதையும் மற்றதற்குள் போட்டு மூடவில்லை. (இந்த நாடகம் வந்த ஆண்டில் சோஃபக்ளீஸுக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. எஸ்கிலஸின் சகோதரி மகன் ஃபிலோக்ளிஸ் தட்டிக்கொண்டு போனார். அவர் நாடகம் ஒன்றுகூட நம் கைக்கு முழுதாக வரவில்லை.)

பல வருடங்கள் கழித்து, தொண்ணூறு வயதை நெருங்கும்போது சோஃபக்ளீஸ் ஈடிபஸிடம் திரும்பினார். 'கொலோனஸில் ஈடிபஸ்' அவர் இறந்தபின், கி.மு. 401இல், அவர் பெயரையே கொண்ட பேரனால் மேடையேற்றப்பட்டது. அதற்குள் ஏதென்ஸ் போரில் தோற்றுப் பணிந்திருந்தது. கொலோனஸ் சோஃபக்ளீஸ் பிறந்த ஊர். அங்கே ஒரு புனிதத் தோப்பில், மகள் ஆன்டிகனியின் கையைப் பிடித்துக்கொண்டு குருட்டுப் பிச்சைக்காரனாக வந்து உட்கார்கிறான் ஈடிபஸ். இப்போது அவன் பேச்சு மாறியிருக்கிறது. என் காரியங்கள் நான் செய்தவை என்பதைவிட நான் பட்டவை என்கிறான். கிரியோன் பழையதைக் கிளறி அவமானப்படுத்தும்போது சீறுகிறான்: நான் பிறப்பதற்கு முன்பே, கருவாகக்கூட இல்லாதபோதே என் அப்பனுக்கு அந்தக் குறி வந்தது, என்னை எப்படிக் குறை சொல்வாய்? இப்போதே, இங்கேயே ஒருவன் உன்னைக் கொல்ல வந்தால், வருகிறவன் உன் தகப்பனா என்று விசாரிப்பாயா, உடனே திருப்பி அடிப்பாயா?

அருமையான வாதம். எந்த நீதிபதியும் விடுதலை செய்துவிடுவார். ஆனால் அதே நாடகத்தில் சற்று நேரம் கழித்து, தன் மகள்களை மீட்டுக்கொடுத்த ஏதென்ஸ் அரசன் தீசியஸின் கையைப் பிடிக்க நன்றியோடு கை நீட்டுகிறான், பாதியில் இழுத்துக்கொள்கிறான். கறையெல்லாம் குடியிருக்கும் உடம்பு இது, உங்களைத் தொடச் சொல்லலாமா என்கிறான். குற்றமில்லை என்று நிரூபித்த அதே மனிதன். வாதத்தில் ஜெயித்துவிட்டான், கை தன்னுடையது என்பது மட்டும் அவனைவிட்டுப் போகவில்லை.

இந்தக் கடைசி நாடகத்தில் ஒரு காட்சியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. மூத்த மகன் பொலினைசீஸ் வருகிறான். தம்பி எடியோக்ளிஸ் ஆட்சியைப் பறித்துக்கொண்டு தன்னைத் துரத்திவிட்டான் என்று, ஆர்கோஸில் படை திரட்டி தீப்ஸை முற்றுகையிடப் போகிறான். அப்பாவின் ஆசி வேண்டும். அப்பாவை வீட்டைவிட்டுத் துரத்தியபோது சும்மா இருந்த பிள்ளை இவன். ஈடிபஸ் சபிக்கிறான்: நீ ஊரைப் பிடிக்கமாட்டாய், அண்ணனும் தம்பியும் ஒருவர் கையால் மற்றவர் சாவீர்கள். இப்போது குறி சொல்வது அப்போலோ அல்ல, ஈடிபஸே.

ஆன்டிகனி அண்ணனைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள். படையைத் திருப்பிக்கொண்டு போய்விடு அண்ணா, உன்னையும் ஊரையும் அழித்துக்கொள்ளாதே. முடியாது என்கிறான். ஒருமுறை பயந்து பின்வாங்கினால் மறுபடி எப்படி இதே படையை நடத்துவேன்? ஓடிவந்தவன் என்ற பெயர் அசிங்கம், மூத்தவனான நான் தம்பியின் கேலிக்கு ஆளாவது அதைவிட அசிங்கம். அப்படியென்றால் அப்பா சொன்னதை நீயாகவே நிறைவேற்றப் போகிறாய், தெரிகிறதா என்கிறாள். தெரிகிறது, அவர் அதைத்தான் விரும்புகிறார், நான் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறான். அப்பா சொன்னது தெரிந்தால் யார் உன்னோடு வருவார்கள் என்று கடைசியாகக் கேட்கிறாள். அதற்கும் பொலினைசீஸ் பதில் வைத்திருக்கிறான். அவர்களுக்குச் சொல்லப் போவதில்லை. நல்ல தளபதி நல்ல செய்தியைத்தான் சொல்வான், கெட்டதைச் சொல்லமாட்டான்.